கடிவாயும் பத்து நாற்காலிகளும்

அந்தப் பௌர்ணமியன்று சபைக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு:

மேற்குச் சுவரை ஒட்டி, மான்கொம்புக்குக் கீழே, கைவைத்த உயரமான நாற்காலியில் அக்கிராசனர், பென்ஷன் வாங்கிய டிப்டி தாசில்தார் குற்றாலலிங்கம் பிள்ளை அவர்கள். அவருக்கு வலப்பக்கம், சாய்வு மேஜைக்குப் பின்னால், காரியதரிசி ஆவுடைநாயகம். அவர்களுக்கு எதிரே சிவப்பு ஜமக்காளத்தின்மேல் பிறை வடிவில் பத்து நாற்காலிகள். முதல் நாற்காலியில் புலவர் அகமது மீரான். ஆறாவது நாற்காலியில் வித்துவான் எலியேசர் உபதேசியார். பத்தாவது நாற்காலியில் குடைகள். நடுவில் பட்டுத் திண்டு போட்ட முக்காலியின்மேல், ஜெபசீலன் வாத்தியார் எழுதிய ஒரு தாள். ஜமக்காளம் முடிகிற இடத்தில், வாசற்படியோரம், ஒரு கோரைப்பாயில் ஜெபசீலன் வாத்தியார்.

தாளுக்குத் திண்டு, எழுதினவருக்குப் பாய் என்பது சபையின் விதி. நூல் உயர்ந்தது, எழுதினவன் தாழ்ந்தவன், இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கலாகாது என்று சபை தோன்றிய வருஷத்திலேயே தீர்மானித்திருந்தார்கள். ஜெபசீலனுக்கு அதில் வருத்தம் இல்லை. வலது கெண்டைக்காலில் கட்டுப் போட்டிருந்ததால் பாயில் காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. நீட்டினதும் காரியதரிசி ஒரு பார்வை பார்த்தார். மடக்கிக்கொண்டார்.

சபையின் பெயர் தாமிரபருணி வசனநடைச் சோதனைச் சபை. டவுண் வடக்கு ரதவீதியில் ஒரு நெல் கிட்டங்கியின் மாடியில் அது கூடியது. கீழே மூட்டை தூக்குகிறவர்களின் சத்தம் மேலே கேட்கும். மேலே நடக்கும் சோதனை கீழே கேட்காது. வாத்திமார் எழுதும் தமிழ் சந்தைக்கடைத் தமிழாகக் கெட்டுவிட்டது என்று பெரியமனிதர் சிலர் மனம் நொந்து, மேலிடத்தில் சொல்லி, ஓர் உத்தரவு வாங்கியிருந்தார்கள். அதன்படி, பள்ளிக்கூடங்களை நடத்தும் போர்டாபீசுக்கு ஓர் ஆசிரியர் எழுதி அனுப்பும் எதுவும் வியாசமே. வியாசம் எதுவும் சபையின் அரக்கு முத்திரை இல்லாமல் போர்டாபீசுக்குள் நுழையக் கூடாது.

சோதிக்கும் முறை வெகு ஒழுங்கானது. நூலுக்குப் பத்துக் குற்றங்கள் என்று முன்னோர் வகுத்திருக்கிறார்கள். சபை குற்றத்துக்கு ஒரு நாற்காலி போட்டு, நாற்காலிக்கு ஒரு புலவரை நியமித்தது. குறைத்துச் சொன்னால் முதல் நாற்காலி கண்டுபிடிக்கும். கூட்டிச் சொன்னால் இரண்டாவது. சொன்னதையே சொன்னால் மூன்றாவது. இப்படியே போகும். காலப்போக்கில் புலவர்கள் ஒவ்வொருவராகச் சிவலோகமும் பரலோகமும் போய்ச் சேர்ந்தார்கள். ஆட்கள் போனாலும் குற்றங்கள் போகவில்லை. ஆகவே முதல் ஐந்தை அகமது மீரானும் அடுத்த நான்கை எலியேசரும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குற்றம் சொல்லி முடித்து வேறு குற்றம் சொல்லவேண்டுமானால், எழுந்து அந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துதான் சொல்லவேண்டும். பத்தாவது குற்றம், எவ்வளவு எழுதியும் ஒரு பயனும் இல்லாமல் நிற்பது. அந்த நாற்காலிக்கு ஆரம்பத்திலிருந்தே ஆள் அகப்படவில்லை.

காரியதரிசி எழுந்து, திண்டின்மேல் இருந்த தாளைக் கும்பிட்டு எடுத்து வாசித்தார்.

“ஐயா, சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகும்போது வாய்க்கால் கரையில் என்னை வெறிநாய் கடித்துவிட்டது. இதற்கு மருந்து நீலகிரியில் குன்னூர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறதாம். நோய் வெளியே தெரிந்தபிறகு போனால் மருந்து கேட்காதாம். ஆகையால் எனக்கு லீவும் ரயில் பாஸும் உடனே தரவேண்டும்.”

வாசித்து முடித்து மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. கீழே யாரோ, “ஏலே, பைய இறக்குலே, சாக்கு கிழியுது!” என்று கத்தினான்.

அகமது மீரான் முதல் நாற்காலியிலிருந்து தொண்டையைச் செருமினார். “குன்றக் கூறல்! நாயின் நிறம் கூறப்படவில்லை. அது வந்த திசை கூறப்படவில்லை. கடித்தது முன்னமோ குரைத்தது முன்னமோ, அதுவும் கூறப்படவில்லை. வாய்க்கால் என்றமட்டில் எவ்வாய்க்கால் என்பது விளங்கவில்லை. எடுத்த பொருளை இவ்வாறு பட்டினி போடுவது ஆசிரியத்துவத்துக்கு அழகன்று.”

பிறகு எழுந்து, மூன்று நாற்காலிகளைத் தாண்டி, ஐந்தாவதில் அமர்ந்தார். “வழூஉச்சொல்! ‘இருக்கிறதாம்’, ‘கேட்காதாம்’ என்பன தெருப்பேச்சு. ‘உடனே’ என்பது அவைக்கு அடாத சொல். அவையை அவசரப்படுத்தும் சொல் எதுவும் வியாசத்தில் வரலாகாது.”

எலியேசர் உபதேசியார் ஏழாம் நாற்காலிக்கு நகர்ந்து, “வெற்றெனத் தொடுத்தல், வெறும் சொல்லடுக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறாம் நாற்காலிக்கே திரும்பி வந்தார். ஆறாவதில் பிரம்பு கொஞ்சம் இளகி, உட்கார இதமாக இருக்கும்.

ஜெபசீலனுக்குக் கோபம் வரவில்லை. புலவர்கள் சொல்லுகிறது சரிதானே என்றுதான் பட்டது. அவரே நான்காம் வகுப்புப் பையன்களின் கட்டுரைகளில் ‘விஷயம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதுகிறவர். ‘எங்கள் மாடு செத்துப்போனது’ என்று ஒரே வரி எழுதின பையனை, மாட்டின் பயன்களையும் சேர்த்து எழுதிவரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அக்கிராசனர் முடிவுரை கூறினார். “மகாஜனங்களே! உயிர் இன்று இருக்கும், நாளை இராது. அது ஈசுவர சித்தம். வசனநடையோ நம் பொறுப்பு. இச்சபை தோன்றிய நாள்தொட்டு ஒரு வியாசமாவது பிழையோடு இந்த வாசலைக் கடந்து வெளியே போயிற்று என்று எவரும் விரல் நீட்ட இயலாது.”

“எத்தனை வியாசம் ஐயா வெளிய போயிருக்கு?” என்று ஜெபசீலன் பாயிலிருந்து தெரியாமல் கேட்டுவிட்டார்.

“இதுவரை ஒன்றும் போகவில்லை,” என்றார் அக்கிராசனர் பெருமையோடு.

வியாசத்தை விரித்து எழுதி அடுத்த பௌர்ணமிக்குக் கொண்டுவரும்படி தீர்மானமாயிற்று. சபை பௌர்ணமிக்குப் பௌர்ணமி, பகல் மூன்று மணிக்குத்தான் கூடும்.

மாடிப்படி இறங்கியதும் அகமது மீரான் ஜெபசீலனின் தோளைப் பிடித்துக்கொண்டார். முகமே வேறாக இருந்தது.

“வே வாத்தியாரே, காலைக் காட்டும். அல்லா! பல்லு நல்லா இறங்கியிருக்கே. அந்த நாய் எங்கவே?”

“அடிச்சுக் கொன்னுட்டாங்க புலவரே. அதுக்கு முந்தி பக்கத்து வீட்டுச் செல்லக்கிளியோட கன்னுக்குட்டியையும் கடிச்சுட்டு.”

“பொறவு என்னவே இங்கன நிக்கேரு? ராத்திரி வண்டிக்கே போவும். இது விளையாட்டு இல்லவே. எங்க மாமனாரு ஊர்ல ஒருத்தன் மூணு மாசம் கழிச்சுக் கிடந்து கத்துனான்.”

“மேல நீங்கதான புலவரே, குன்றக் கூறல்னீங்க.”

“அது நாற்காலி சொன்னதுவே. நானா சொன்னேன்?” என்றார் அகமது மீரான், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. “நாற்காலியில உக்காந்தா அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. கீழ எறங்குனா நான் மனுசன். மனுசனாச் சொல்லுதேன், போயிரும்.”

ஜெபசீலன் அவரைக் கும்பிட்டுவிட்டு ஆற்றுப்பாலத்தைக் கடந்து வீட்டுக்கு நடந்தார். நடக்கும்போதே நாயின் நிறத்தை யோசித்தார். செவலை என்று எழுதினால் தெருப்பேச்சு ஆகிவிடுமோ என்று ஒரு சந்தேகம்.

அவர் மனைவி பாக்கியவதி அவரைப்போல மெத்தப் படித்தவள் இல்லை. பைபிள் வாசிப்பாள், சலவைக் கணக்கு எழுதுவாள். அவ்வளவுதான்.

“லீவு தந்தாங்களா?”

“விரிச்சு எழுதிட்டு வரச் சொன்னாங்க.”

“எதை?”

“கடிச்சதை.”

பாக்கியவதி காதில் கை வைத்தாள். “என் கம்மலைக் கழட்டித் தாரேன். வித்துட்டு நாளைக்கே ரயிலேறுங்க. லீவு கெடக்கட்டும்.”

“லீவு இல்லாம போனா வேலை போவும். வேலை போனா வாடகை குடுக்க முடியாது, இந்த வீட்டையும் மிஷன்காரங்க திருப்பிக் கேப்பாங்க.”

“நீங்களே போயிட்டா வீட்டை விட்டு வைப்பாங்களாக்கும்?”

ஜெபசீலன் மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடவுள் வணக்கத்தில் தொடங்கி, அவையடக்கம் சொல்லி, பொருநையாற்றின் பெருமை, வாய்க்காலின் உற்பத்தி, நாயினங்களின் வகை, வெறியின் இலக்கணம் என்று வரிசையாக எழுதினார். புண் ஆறி வந்தது. கட்டை அவிழ்த்தாகிவிட்டது. ஆறின இடம் பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருந்தது.

இரண்டாவது பௌர்ணமியில் காரியதரிசி அதை வாசிக்கவே சாயங்காலமாகிவிட்டது. அகமது மீரான் முதல் நாற்காலியிலிருந்து, “குன்றக் கூறல் நீங்கியது,” என்றார். எழுந்து இரண்டாவதில் அமர்ந்து, “மிகைபடக் கூறல் வந்தது,” என்றார். எலியேசர் எட்டாம் நாற்காலிக்குப் போய், வாய்க்காலின் உற்பத்தி மற்றொன்று விரித்தல் என்றார். அத்தோடு நிற்கவில்லை.

“இவ்வியாசம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது,” என்றார். “கடிபட்டவன் கூற்று இருக்கிறது. கடித்ததன் கூற்று எங்கே? மறுப்பவன் வாதத்தை எடுத்துரைத்து அதற்கு விடை சொன்னாலன்றி அறிவுடையோர் வியாசம் ஆகாது.”

“நாய் இறந்துவிட்டது ஐயா,” என்றார் ஜெபசீலன்.

“அதனாலேயே அதன் கட்சியை யாராவது சொல்லியாக வேண்டும்,” என்று அக்கிராசனர் எலியேசரையே அதற்கு நியமித்தார்.

எலியேசர் நல்ல மனிதர். கோழி அறுப்பதைக்கூடக் கண்ணால் பார்க்கமாட்டார். அவர் நாயின் கட்சியை மனம் உருகிச் சொன்னார். அதுவும் சிருஷ்டிகர்த்தரின் கைவேலையே என்றார். அது வெறிகொண்டிருந்தது என்பது வாத்தியாரின் ஊகம். பசியாக இருக்கலாம், குட்டியை இழந்த துக்கமாகவும் இருக்கலாம் என்றார். கடைசியில் ஜெபசீலனின் பக்கம் திரும்பி, “தாங்கள் அதற்குக் கோபமூட்டும் செயல் ஏதும் செய்ததுண்டா?” என்று கேட்டார்.

ஜெபசீலன் பொய் சொல்லிப் பழகாதவர். நன்றாக யோசித்தார். “காத்துக்கு வேட்டி நுனி ஆடியிருக்கலாம்.”

காரியதரிசி எழுதிக்கொண்டார்: ‘கடிபட்டவர் வேட்டியை ஆட்டியதாக ஒப்புக்கொண்டார்.’

படி இறங்கியதும் எலியேசர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். “தம்பி, தெனமும் ஒமக்காக முழங்கால் போடுதேன். நீரு எப்போ குன்னூருக்குப் போறீரு?”

“நீங்க ஒத்துக்கிட்டா போவேன்யா.”

“நான் ஒத்துக்கிடுதேன். எட்டாம் நாற்காலிதான் ஒத்துக்கிட மாட்டேங்குது.”

அந்த மாதத்தில் செல்லக்கிளியின் கன்றுக்குட்டி செத்தது. இரண்டு நாள் சுவரில் முட்டிக்கொண்டு, வாயில் நுரை தள்ளி, ஒரு விதமாகக் கத்திச் செத்தது. செல்லக்கிளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். “வாத்தியாரைய்யாவையும் அதே நாயிதான கடிச்சுது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வாயில் அடித்துக்கொண்டாள். பாக்கியவதி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அழவில்லை. உள்ளே வந்து கம்மலைக் கழற்றி எழுதிக்கொண்டிருந்தவரின் தாளின்மேல் வைத்தாள்.

“உங்களைக் கடிச்சது நாயா, அந்தச் சபையா?” என்றாள். “எனக்கு அதை மட்டும் சொல்லுங்க.”

ஜெபசீலன் கம்மலைப் பக்கத்தில் தள்ளி வைத்தார். கன்றுக்குட்டி செத்த செய்தி மிகவும் பலமான சான்று என்று அவருக்குத் தோன்றியது. எலியேசரின் கட்சிக்கு அதைவிட நல்ல விடை கிடையாது. அதை எந்த அதிகாரத்தில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது பௌர்ணமியில் அதை வாசித்தபோது சபை திடுக்கிட்டது.

“முன் பௌர்ணமியில் இக்கன்று உயிரோடிருந்தது. வியாசம் சபையில் ஏறிய பின் அதன் பொருள் மாறியிருக்கிறது,” என்றார் அகமது மீரான், நான்காம் நாற்காலியிலிருந்து. “இது மாறுகொளக் கூறல். சபையில் இருக்கும் வியாசத்துக்குள் எதுவும் சாகலாகாது.”

கன்றை நீக்கிவிடுவதாக ஜெபசீலன் ஒப்புக்கொண்டார். அதனால் வியாசம் புதிதாகத் தொடங்கும் ஆபத்திலிருந்து தப்பியது. பிறகு அக்கிராசனரே ஒரு தடை எழுப்பினார். கற்றோர் வியாசத்தில் ‘நான்’, ‘என்னை’, ‘எனக்கு’ என்று எழுதினவன் எட்டிப்பார்ப்பது அநாகரிகம். கடிபட்டவர் ‘ஒருவர்’ என்று இருந்தால் போதும்.

“அப்படின்னா பாஸை யாருக்குக் கொடுப்பாங்க ஐயா?” என்று ஜெபசீலன் கேட்டார்.

“அது போர்டாபீசின் விசாரம். உண்மை பொதுவாக நின்றால், தக்க ஒருவரை அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மேலும் இந்தப் பாஸ், லீவு என்று கடைசியில் ஒரு யாசகம் வருகிறதே, அறிவு நூல் யாரிடமும் கையேந்துமா? அதையும் எடுத்துவிடுங்கள்.”

காரியதரிசி எடுத்துவிட்டார். எடுத்தபின் வாசித்துப் பார்த்தால் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஜெபசீலனுக்கே அது தெரிந்தது.

ஒன்பது குற்றங்களில் எட்டு நீங்கின என்று காரியதரிசி அறிவித்தார். பாக்கி ஒன்று. சென்று தேய்ந்திறுதல்: வியாசம் கம்பீரமாகத் தொடங்கிக் கடைசியில் மெலிந்துபோகிறது. முடிவுரையை மட்டும் திருத்த வேண்டும். அத்தோடு வழக்கப்படி வியாசத்தைப் புகழ்ந்து ஒரு சாற்றுக்கவி முன்னால் சேர்க்க வேண்டும்.

சாற்றுக்கவி வாங்க ஜெபசீலன் மாட்டுவண்டியில் திசையன்விளைக்குப் போனார். அங்கே ஒரு கவிராயர் இருந்தார். செம்மண் புழுதி அப்பிய முகத்தோடு வந்து நின்ற வாத்தியாரிடம் வியாசம் எதைப்பற்றி என்று கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து ஏற்கனவே எழுதி வைத்திருந்த கவிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “எல்லா நூலுக்கும் பொருந்தும். போனமாசம் ஒரு பனைவெல்லக் கம்பெனிக்குக் குடுத்தேன். பேரை மட்டும் மாத்திக்கிடும்.”

வண்டியில் திரும்பும்போது கடிவாய் லேசாக அரித்தது. சொறிந்தார். சொறிந்தது தெரியவில்லை. காலைத் தட்டிப் பார்த்தார், வேறு யாருடைய காலையோ தட்டுவதுபோல் இருந்தது. பயம் வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை. சாலையோரத்துப் பனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாக்கியவதி அவரைக் கேட்காமலே கம்மலை விற்றுவிட்டாள். துணிமூட்டை கட்டி, புளிச்சோறு கட்டி, அவரை இழுத்துக்கொண்டு பாலத்து ஸ்டேஷனுக்கு வந்தாள். டிக்கெட்டும் அவளே வாங்கினாள். வண்டி வருவதற்கு மணி அடித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் அதே பிளாட்பாரத்தில், யாரையோ வழியனுப்ப வந்த காரியதரிசி ஆவுடைநாயகம் அவர்களைப் பார்த்துவிட்டார்.

“என்னவே வாத்தியாரே, எங்க கிளம்பிட்டேரு?”

“குன்னூருக்கு ஐயா.”

“சரியாப் போச்சு! ஒரே ஒரு குத்தம் பாக்கி. சபையில இவ்வளவு தூரம் வந்த வியாசம் இதுவரை கிடையாதுவே. பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாளு. நீரு இல்லேன்னா வியாசம் தள்ளுபடி. லீவு இல்லாம ஓடிப்போன வாத்தியார்னு போர்டாபீசுக்கு நானே எழுதணும். எனக்கு மட்டும் அது நல்லா இருக்குமா?” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “நாலே நாளு. முத்திரையோட ராஜா மாதிரிப் போலாம்.”

“நீங்க ஏறுங்க,” என்றாள் பாக்கியவதி.

வண்டி வந்து நின்றது. ஜெபசீலன் மூட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். ஆனால் மனசு முடிவுரையின் கடைசி வாக்கியத்தில் போய் நின்றது. அது மெலிந்துதான் போயிருந்தது. இரவு படுத்திருக்கும்போது அதற்கு நல்ல முடிவு ஒன்று தோன்றியிருந்தது. சபையின் வாசலைக் கடக்கும் முதல் வியாசம் என்பதும் ஞாபகம் வந்தது. பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியே கழிந்த பிழைப்பில், அவருடைய எழுத்தைப் பற்றி இப்படி யாரும் சொன்னது கிடையாது.

“நாலு நாள்தான, பாக்கியம்,” என்றார்.

வண்டி போய்விட்டது. பாக்கியவதி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பாலத்தில் அவர் பின்னால் நடந்தார். ஆற்றில் வெளிச்சம் பட்டுக் கண் கூசியதால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

நாலாவது பௌர்ணமிக்குப் பாக்கியவதி வில்வண்டி பேசிக்கொண்டு கூடவே வந்தாள். முந்தின இரவிலிருந்து அவருக்கு லேசான காய்ச்சல். தொண்டை வலி என்று சொல்லி ஒன்றும் சாப்பிடவில்லை, குடிக்கவும் இல்லை. சபைக்குள் பெண்கள் வர விதி இல்லையாதலால் அவள் மாடிப்படியின் மேல்தட்டில், வாசலுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

முடிவுரை வாசிக்கப்பட்டது. எலியேசர் ஒன்பதாம் நாற்காலிக்குப் போய் அமர்ந்து, கண்ணை மூடிக் கேட்டு, “குற்றம் நீங்கியது,” என்றார். குரல் தழுதழுத்தது. சபையில் ஒரு சந்தோஷம் பரவியது. அக்கிராசனர் எழுந்தேவிட்டார்.

“மகாஜனங்களே! இன்றைக்கு நாம் பிறந்த பயனை அடைந்தோம். நாய்க்கடி பட்டவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். அவர்களில் இவ்வளவு பிழையறக் கடிபட்டவர் ஒருவரே. குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றலாம். அவர்களால் இப்படி ஒரு வாக்கியத்தைக் காப்பாற்ற முடியுமா? அந்தக் காரியத்துக்குத்தான் நாம் இருக்கிறோம்!”

ஜெபசீலனை ஜமக்காளத்துக்கு அழைத்து மாலை போட்டார்கள். காரியதரிசி வெள்ளி டம்ளரில் நன்னாரி சர்பத் கொண்டுவந்து நீட்டினார்.

ஜெபசீலன் டம்ளரை வாங்கினார். அதற்குள் சர்பத் அசைவதைப் பார்த்தார். கழுத்து தானாக ஒருபக்கம் வெட்டி இழுத்தது. தொண்டைக்குள் யாரோ கையை விட்டு முறுக்கியதுபோல் இருந்தது. டம்ளர் விழுந்து உருண்டது. குடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். உடம்பு பின்னாலே போயிற்று. போய்ப் பாயில் விழுந்தார். காரியதரிசி விசிறியை எடுத்து வீசியதும் அந்தக் காற்றுக்கே மறுபடி இழுத்தது.

“அவையில் அளித்ததை இவ்வாறு உதறுவது வருந்தத்தக்கது,” என்றார் அக்கிராசனர்.

அகமது மீரான் முதல் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். ஜமக்காளத்தைத் தாண்டிப் பாயில் மண்டியிட்டார். “விசிறாதீங்கய்யா, விசிறியக் கீழ போடுங்க!” என்று கத்தினார். ஜெபசீலனின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. “அன்னிக்கே சொன்னனேவே… அன்னிக்கே போவும்னு சொன்னனேவே…”

பாக்கியவதி உள்ளே வந்து தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விதியை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

“புலவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்,” என்று காரியதரிசி மெல்ல ஞாபகப்படுத்தினார். “கையெழுத்து ஆகவில்லை. இந்த நிலையில் சபை கலைந்தால் வியாசம் முதலிலிருந்து ஏறவேண்டும். விதி அப்படி.”

அகமது மீரான் அசையவில்லை. அவருடைய கையை ஜெபசீலன்தான் விலக்கினார். பேசுவது கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“போய் உக்காருங்க புலவரே. கையெழுத்து.”

அகமது மீரான் போய் உட்கார்ந்தார். குற்றத்துக்கு ஒரு கையெழுத்து, நாற்காலிக்கு ஒன்று. முதல் நாற்காலியில் ஒன்று போட்டார். எழுந்து இரண்டாவதுக்குப் போனார். பேனாவை மையில் தொட்டுத் தொட்டு, மூன்று, நான்கு, ஐந்து. தாடி நனைந்திருந்தது. எலியேசர் உதட்டுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நகர்ந்தார். பத்தாவதுக்கு அக்கிராசனர், குடைகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தாமே உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போட்டார். அக்குற்றமும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

ஜெபசீலன் மடியில் படுத்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை மார்பில் கிடந்தது. வலியும் இல்லை, வருத்தமும் இல்லை. காரியதரிசி தாள்களை ஒழுங்காக மடித்தார். ஓரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, உறைக்குள் நுழைத்தார். மேல்விலாசம் எழுதினார். மெழுகுவர்த்தி ஏற்றி, சிவப்பு அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டினார்.

“அதுல என்னதான் எழுதியிருக்கீங்க?” என்று பாக்கியவதி குனிந்து கேட்டாள்.

அவர் யோசித்தார். நாய் இருந்தது, வெறியின் இலக்கணம் இருந்தது, முடிவுரை இருந்தது.

“தப்பில்லாம எழுதியிருக்கேன்,” என்றார்.

அரக்கு உறையின்மேல் சொட்டியது. காரியதரிசி முத்திரையை எடுத்து எழுந்து நின்று, இரண்டு கையாலும் அழுத்தினார். ஆறும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு சபையின் சேவகன் அதை வாங்கித் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு, பாயைச் சுற்றிப் போய், படி இறங்கிப் போர்டாபீசுக்குப் போனான்.